பழைய கேமிங் கணினி: வயதைப் பார்க்காதீர்கள், போர்டைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியதிலிருந்து, எட்டு வருடப் பழைய கேமிங் கணினியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று பல வீடுகளில் பேச்சு நடக்கிறது. கடையில் கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்தான்: புதிதாக வாங்குங்கள், இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டை மாற்றுங்கள். எந்த மதர்போர்டு என்று கேட்காமலேயே சொல்லப்படும் பதில்கள் இவை.

2017-இல் வாங்கிய இரண்டு கணினிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் இன்டெல் ஐ5-7400, பி250 போர்டு. இன்னொன்றில் ஏஎம்டி ரைசன் 5 1600, பி350 போர்டு. இந்த இரண்டு பிராசசர்களும் விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. இன்டெல் போர்டில் ஏழாம் தலைமுறையோடு வழி அடைபட்டுவிடுகிறது. எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) பெயர் 1151தான் என்பதால் பலர் வாங்கி ஏமாறுகிறார்கள். அது இந்த போர்டில் ஓடாது. அந்தக் கணினியின் பிராசசருக்குச் செலவழிப்பது வீண்.

ஏஎம்டி போர்டின் கதை வேறு. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் போர்டின் ஆதரவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 2022-இல் வந்த ரைசன் 5 5600 அதில் இருந்தால், பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பித்து அதே போர்டில், அதே டிடிஆர்4 ராமோடு போட்டுக்கொள்ளலாம். பயாஸில், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான எஃப்டிபிஎம்-ஐ இயக்கினால் விண்டோஸ் 11-க்கும் வழி திறக்கும். 2025 கடைசியில் ராம் விலை ஏறியபின், இருக்கும் ராமைக் காப்பாற்றிக்கொள்வதே பெரிய லாபம்.

இதில் வரிசை தப்பினால் போச்சு. பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். புதியதைப் போட்டுவிட்டால் திரையே வராது. யுபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது. பாதியில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். அடுத்தது பிராசசரைக் குளிர்விக்கும் கூலர். இரண்டுக்கும் நடுவே தடவிய, வருடக்கணக்கில் இறுகிப்போன வெப்பம் கடத்தும் பேஸ்ட், பிராசசரைக் கூலரோடு ஒட்டிப் பிடித்திருக்கும். நேராக இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்தே பிராசசர் பிடுங்கிக்கொண்டு வரும், அடிப் பின்கள் வளையும். பத்து நிமிடம் ஒரு கேமை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள், தளர்ந்ததும் தூக்குங்கள்.

கேமின் வேகத்தைப் பின்னிழுப்பது பிராசசரா, கார்டா என்று தெரிய ஒரு சோதனை போதும். கேமின் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் வருகின்றன என்ற எண்) நன்றாக ஏறினால் கார்டுதான் முட்டுக்கட்டை. ஏறவே இல்லையென்றால் பிராசசர். புது கார்டு வாங்கியும் பயன் இருக்காது. ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் லோடிங் நேரம் குறையும், எஃப்பிஎஸ் ஏறாது. 8 ஜிபி ராம் ஒற்றைக் குச்சியாக இருந்தால், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி சேர்ப்பது எந்தக் கணினிக்கும் நல்லது.

கார்டு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே பிசிஐஇ தடங்களில் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் பாதைகள்) ஓடுகிறது. மேலே சொன்ன இரண்டு போர்டுகளிலும் இருப்பது பழைய தலைமுறை பிசிஐஇ 3.0, அதில் அதன் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். ஆர்எக்ஸ் 6600-க்கு எட்டுத் தடங்கள், அங்கே இழப்பு சொற்பம்.

ஆனால் கார்டுக்கு முன்னால், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்-ஐக் கழற்றி லேபிளைப் படியுங்கள். கேபினெட்டோடு வந்ததில் பெரிதாக 450 வாட் என்று அச்சடித்திருக்கும். 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர் என்றிருந்தால், கார்டும் பிராசசரும் இழுக்கும் அந்த 12 வோல்ட்டில் அது தருவது 216 வாட்தான். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட் கேட்கும்; பிராசசருக்கு 65, மற்றவற்றுக்கு ஒரு 50 என்று கூட்டினால் 247. விளைவு, கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் கணினி சட்டென்று அணைந்து மறுபடி எழும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று மட்டும் இருக்கும். கார்டில் கோளாறு என்று அதைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பாவம், கார்டு மேல் தப்பே இருக்காது. கார்டுக்கு மின்சாரம் தரும் எட்டு பின் ஒயர் இல்லையென்று, டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கனெக்டரிலிருந்து அடாப்டர் போடுவது இன்னும் மோசம். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கலாம்.

கணினிக் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: கொடேஷனில் ‘எஸ்எம்பிஎஸ் 450 வாட்’ என்று மட்டும் எழுதாமல், பக்கத்திலேயே 12 வோல்ட் ஆம்பியரையும் எழுதிக் கொடுங்கள்.

— கணினி வன்பொருள் பணியாளர், மதுரை