எழுதுவதையெல்லாம் சேர்த்து வைக்கத்தான் வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நோர்வேயின் முன்னாள் நீதி அமைச்சர் எமிலி எங்கெர் மெல் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் ஆட்கள் முதலில் சொல்வது அவருடைய வயதைத்தான். 24 வயதில் எம்.பி., 2021இல் 28 வயதில் நீதி அமைச்சர், அந்தப் பதவிக்கு அவ்வளவு இளவயதில் இங்கே வேறு யாரும் வந்ததில்லை. சரி, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் 2025 தொடக்கத்தில் அவருடைய மத்திய கட்சி அரசை விட்டு விலகும் வரை அந்த நாற்காலியில் இருந்து அவர் செய்ததையும் பேசவேண்டும்.

அவர் கொண்டுவந்து 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திருத்தம், இணையத்தில் பொதுவில் கிடக்கும் தகவல்களைப் பெருமளவில் திரட்டி, சேமித்து, அலசிப் பார்க்கப் பாதுகாப்புப் பொலிஸான பிஎஸ்டிக்கு வழி திறந்துவிட்டது. உங்கள் மேல் சந்தேகம் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. ஒஸ்லோவில் இருந்துகொண்டு ஊர் அரசியலைப் பற்றி பேஸ்புக்கில் பொதுவில் எழுதுகிறோமே, அதுவும் இதற்குள் வரலாம். மக்கள் வாய்திறக்கவே தயங்குவார்கள் என்று தரவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்தது, அரசு கேட்கவில்லை.

இதை ஆதரிப்பவர்கள் ஒஸ்லோவிலும் உத்தோயா தீவிலும் தீவிர வலதுசாரி ஒருவரின் தாக்குதலில் 77 பேர் கொல்லப்பட்ட 2011 ஜூலை 22ஐக் காட்டுவார்கள். அதை விசாரித்த ஆணைக்குழு 2012இல் என்ன எழுதியது? கொலையாளி போலந்து நிறுவனம் ஒன்றிடம் ரசாயனம் வாங்கிய விபரம், வேறு பலரின் பெயர்களோடு சேர்த்து, சுங்கத்துறையிலிருந்து பிஎஸ்டிக்கு ஏற்கனவே போயிருந்தது, அங்கே மாதக்கணக்கில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. கவனித்திருந்தால் நிச்சயம் தடுத்திருக்கலாம் என்று ஆணைக்குழு சொல்லவில்லை, ஆனால் அது குறை கண்டது தலைமையிலும் ஒருங்கிணைப்பிலும் மனப்போக்கிலும்தான். கையில் இருந்த சின்னப் பட்டியலையே பார்க்காதவர்களுக்கு இணையம் முழுவதையும் அள்ளிக் கொடுத்து என்ன பயன்?

அப்புறம், இதே பாதுகாப்புப் பொலிஸ் முன்பு இடதுசாரிகளைச் சட்டவிரோதமாக வேவு பார்த்ததை, நாடாளுமன்றம் அமைத்த லுண்ட் ஆணைக்குழு 1996இல் அம்பலப்படுத்திய நாடு இது. அதை இவ்வளவு சீக்கிரம் மறக்கலாமா?

இதே 2023இல்தான் அமைச்சின் கைத்தொலைபேசியில் டிக்டொக் வைத்திருந்தீர்களா என்று பத்திரிகைகள் மெல்லிடம் கேட்டன. பாதுகாப்புக் காரணம் சொல்லி முதலில் பதில் தர மறுத்தார், பிறகு வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டார். ஒரு செயலியைப் பற்றிய கேள்விக்குக்கூட அமைச்சர் வாய்மூடி இருக்கலாம், சாதாரண ஆள் எழுதியதெல்லாம் கோப்பில் ஏறலாம் என்றால் அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நோர்வேயில் வாக்குரிமை உள்ள நம்மவர்கள், அடுத்த முறை கட்சிக்காரர்கள் வாக்குக் கேட்டு வரும்போது, இந்தச் சட்டத்துக்கு உங்கள் கட்சி ஆதரவாக வாக்களித்ததா, எதிராக வாக்களித்ததா என்று நேரடியாகக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒஸ்லோ வாசகர்