கல் வேகன் மாதிரிக்கும் அளவு உண்டு, ஆண்டு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பகுதியில் கோச்சி மாதிரி செய்யும் முறையைப் படத்தோடு வெளியிட்டமைக்கு நன்றி. எஞ்சினும் பயணிகள் பெட்டியும் நன்றாக அமைந்திருந்தன. கடைசியில் சேர்த்திருந்த கல் வேகன் மட்டும் மேலே திறந்த சதுரப் பெட்டியாக, பளபளக்கும் மண்ணிறத்தில் இருந்தது. அந்த வடிவத்தில் கல்லை நிரப்பினால் அது கீழே இறங்காது. பதுளை வரையான பாதையை மழைக்காலத்தில் தாங்கி நிற்பது சிலிப்பர் கட்டைக்கு அடியிலுள்ள சல்லிக்கல்தான். அதைக் கொண்டுவரும் வேகனையும் எஞ்சினுக்குக் கொடுக்கும் அதே அக்கறையோடு செய்ய வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

கல் வேகன் அடிப்படையில் சில்லின் மேல் நிற்கும் ஒரு புனல். சல்லிக்கல் குவியலாக நிற்கும் சாய்வு ஏறக்குறைய 35 முதல் 40 பாகை. வேகனின் முனைத்தட்டு அதைவிடச் செங்குத்தாக, 45 பாகையோ அதற்கு மேலோ இருந்தால்தான் கல் தானாக வழுக்கி, அடியில் கல்லை வெளியே விடும் திறப்பான வாயை அடையும். பிரிட்டிஷ் ரயில்வேயின் 24 தொன் ‘டொக்ஃபிஷ்’ வேகன் இதற்கு நல்ல பாடம். அதில் தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு வாயும் வெளிப்புறங்களில் இரண்டு வாய்களும் உண்டு. ஒரு முனையிலுள்ள மேடையில் அவற்றைத் திறந்து மூட மூன்று கைச்சில்லுகள் இருக்கும். 19 தொன் ‘கெட்ஃபிஷ்’ வேகனுக்கு நடுவாய் மட்டும்தான், ஆகவே கைச்சில்லும் ஒன்றுதான். மூன்று கைச்சில்லை வைத்துவிட்டு அடியில் ஒரே வாயைச் செய்வது மாதிரிகளில் அடிக்கடி காணும் பிழை. வாய்களை எண்ணிவிட்டு மேடைக்கு வாருங்கள்.

அடுத்தது அளவு. கடைகளில் எளிதாகக் கிடைப்பது 16.5 மி.மீ. அகலமுள்ள மாதிரித் தண்டவாளம். அதன்மேல் ஓடும் பிரிட்டிஷ் மாதிரிகள் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கில் செய்யப்படுபவை. அந்தக் கணக்கில் 16.5 மி.மீ. என்பது 4 அடி 1½ அங்குலம். நமது அகலப் பாதையோ 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. ஆகவே 4 மி.மீ. கணக்கில் நமது பாதை 22 மி.மீ. அகலமாக வர வேண்டும். அதே வேகனை 16.5 மி.மீ. தண்டவாளத்தில் வைத்தால் உடல் அகன்றும் கால்கள் ஒடுங்கியும் தெரியும். நிறத்தை எவ்வளவு சரியாகப் பூசினாலும் அந்தக் குறை மறையாது.

இதற்கு வழி மிக எளிது. ஓர் அடிக்கு 3 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரையை மூன்றால் பெருக்கினால் சரியாக 16.5. இந்த 1:101.6 அளவில் கடைத் தண்டவாளமே நமது அகலப் பாதையாகிவிடுகிறது. மலைப் பாதையின் 5 செயின் வளைவு ஏறக்குறைய 100 மீட்டர் ஆரம் என்பதால், மாதிரியில் அது 1 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 44க்கு 1 என்ற ஏற்றத்துக்கு, 4 அடி நீளமான பலகையில் 28 மி.மீ. உயர்த்தினால் போதும். வகுப்பறை மேசைகள் இரண்டைச் சேர்த்தால் உண்மையான மலை வளைவொன்று கிடைக்கும். ஆனால் 4 மி.மீ. மாதிரிக்கான 12.6 மி.மீ. சில்லு இங்கே பெரிதாகிவிடும். அமெரிக்க எச்.ஓ. (1:87 அளவு) மாதிரிகளுக்கு விற்கும் 33 அங்குலச் சில்லின் விட்டம் 9.6 மி.மீ. அது 3 மி.மீ. கணக்கில் 3 அடி 2 அங்குலம் அளவில் நிற்கும். அதே 16.5 மி.மீ. பாதைக்கானது என்பதால் வேறு மாற்றம் வேண்டாம்.

இனித் தட்டுகளை வெட்டுவது. பலர் தடுமாறுவது இங்கேதான். பக்கத் தோற்றப் படத்தில் காணும் உயரத்துக்கே சாய்வுத் தட்டை வெட்டினால் தட்டு குட்டையாகிவிடும். உதாரணமாக, புனலின் ஆழம் 18 மி.மீ., முனைத்தட்டு உள்ளே சாயும் தூரம் 18 மி.மீ., பக்கத்தட்டு உள்ளே சாயும் தூரம் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முனைத்தட்டின் உண்மை உயரம் 18இன் வர்க்கத்தையும் 18இன் வர்க்கத்தையும் கூட்டி எடுத்த வர்க்கமூலம், அதாவது 25.5 மி.மீ. பக்கத்தட்டுக்கு அதே முறையில் 19 மி.மீ. வரும். இரண்டும் மேலே அகன்று கீழே ஒடுங்கும் சரிவகங்கள். முனைத்தட்டு ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ. ஒடுங்கும், பக்கத்தட்டு ஒவ்வொரு பக்கமும் 18 மி.மீ. ஒடுங்கும். வெட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள்: இரண்டு தட்டுகளின் சாய்ந்த ஓரமும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். இந்த அளவுகளுக்கு அது 26.15 மி.மீ. ஒன்று மற்றதைவிட நீண்டால் கணக்கில் பிழை, பசையால் அதைச் சரிசெய்ய முடியாது. பல வேகன்களில் பக்கத்தட்டின் மேற்பகுதி செங்குத்தாக நின்று, பாதியில்தான் உள்ளே மடியும். அப்படியானால் மடியும் கோட்டிலிருந்து கீழே உள்ள ஆழத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

தட்டுக்கு 0.5 மி.மீ. பொலிஸ்டைரீன் தகடு, தட்டின் வெளிப்புறத்தில் நிற்கும் நிமிர்ந்த பட்டிகளுக்கு 0.25 மி.மீ., அடிச்சட்டத்துக்கு 1 மி.மீ. போதும். தகடு கிடைக்காத இடங்களில் யோகட் கோப்பையின் அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 என்றிருந்தால் அது பொலிஸ்டைரீன், நன்றாக ஒட்டும். 5 என்றிருந்தால் பொலிப்ரோப்பிலீன், சாதாரணப் பசை அதில் பிடிக்காது. பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசையைத் தூரிகை நுனியால் மூட்டில் தொட்டால் அது தானே உள்ளே பரவும். அளவுக்கு மீறினால் மெல்லிய தகடு சில நாட்கள் கழித்து வளையும். மூடிய பெட்டிபோன்ற பகுதிகளில் ஆவி வெளியேற ஒரு சிறு துளை விடுங்கள். யன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

நான்கு சில்லு வேகனின் அடிச்சட்டம் சற்றே முறுக்கியிருந்தாலும் ஒரு சில்லு தூக்கி நிற்கும், வளைவில் தடம்புரளும். கண்ணாடித் துண்டின்மேல் வைத்து நான்கு மூலையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால், ஓர் அச்சைத் தாங்கும் பகுதியை நடுவில் ஒரு கம்பியின்மேல் நிறுத்தி இருபுறமும் அசைய விடுங்கள்.

எடை ஓர் அச்சுக்கு 25 கிராம் வீதம், இரண்டு அச்சுக்கு 50 கிராம் வைத்தால் நன்றாக ஓடும். புனல் வேகனில் எடையை ஒளிக்க இடம் குறைவு. சாய்வுத் தட்டின் அடிப்பக்கத்தில்தான் வைக்க முடியும், அதுவும் வெளியே தெரியாதபடி. ஈயக் குண்டுகளை மரத்துக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையில் பதிக்கவே வேண்டாம். பசையிலுள்ள அசற்றிக் அமிலமும் காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து ஈயத்தை வெள்ளை ஈயக் காபனேற்றாக மாற்றும். அது வீங்கும்போது சில ஆண்டுகளில் வேகனின் பக்கமே பிளக்கும். நுவரெலியா, நானுஓயா ஈரத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். மாணவர்கள் ஈயத்தைத் தொடாமலிருப்பதே நல்லது. சிறிய இரும்பு நட்டுகளை எபொக்சியால் ஒட்டுங்கள்.

நிறத்துக்கு வருமுன் ஆண்டைத் தீர்மானியுங்கள். டொக்ஃபிஷ் வேகன் முதலில் கறுப்பில், வெள்ளை எழுத்தோடு ஓடியது. பிறகு ஒலிவ் பச்சை வந்தது. 1980களில் சாம்பலும் மஞ்சளும் வந்தன. ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் நிறம் மாற்றவில்லை என்பதால் ஒரே தொடரில் பல நிறங்கள் நின்றன. பிரிட்டனில் 1970களில் வந்த கணினிக் குறியீட்டின்படி டொக்ஃபிஷுக்கு இசட்.எஃப்.வி. என்ற மூன்று எழுத்துகள், கடைசி எழுத்து வெக்குவம் பிரேக்கைக் குறிக்கும். 1958ஆம் ஆண்டின் கறுப்பு வேகனில் அந்த எழுத்துகளைப் போட்டால் மாதிரி பொய்யாகிவிடும். இங்கிலாந்தின் சமர்செட் பகுதிக் குவாரி நிறுவனங்களின் சொந்த வேகன்களுக்கு வேறு நிறங்கள் இருந்தன. ஃபோஸ்டர் யோமன் வெள்ளிச் சாம்பலும் நீலமும், ஏ.ஆர்.சி. கடுகு மஞ்சள்.

நமது வேகனுக்கும் இதே ஒழுங்குதான். எந்த ஆண்டின் புகைப்படமோ அந்த ஆண்டின் நிறம், அந்த இலக்கம், அந்த எழுத்து வடிவம். வேகன் இலக்கமும் வெறும் எடையும் ஏற்றும் எடையும் எந்தப் பட்டிகளுக்கு நடுவே எழுதப்பட்டுள்ளன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியின் மேலே எழுத்து ஓடாது. நீரில் நனைத்து ஒட்டும் டெகால் எழுத்துக்கு முன் பளபளப்பு வார்னிஷ் பூசுங்கள். மங்கல் பூச்சின்மேல் நேரே ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி நிறமாகத் தெரியும். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே மங்கல் வார்னிஷ்.

அந்த மங்கல் வார்னிஷ்தான் மலையகத்தில் காலை வாரும். பனிமூட்டத்தில் அடித்தால் ஈரம் படிந்து மேற்பரப்பு வெளுத்துவிடும். காலை பத்து மணிக்குப் பிறகு, வெயில் ஏறிய நாளில், டின்னை இளஞ்சூட்டு நீரில் சிறிது வைத்துவிட்டு அடியுங்கள். ஹட்டன், நாவலப்பிட்டிப் பக்கம் தை முதல் பங்குனி வரை பொருத்தமான காலம். ஆனி, ஆடியில் அங்கே மழை, அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் வரட்சி.

வேகனின் உட்புறத்துக்கு வெளி நிறத்தைப் பூச வேண்டாம். கல் விழுந்து முதற் சில சுமைகளிலேயே உள் பெயின்ட் உரிந்துவிடும். மேலே துரு மண்ணிறம், வாயை நெருங்க நெருங்கக் கல் தேய்த்த இரும்பின் கருஞ்சாம்பல். வெளியே பட்டிகளின் மேல் ஓரங்களிலும் அடிச்சட்டத்திலும் வெண்சாம்பல் கல்தூசி. நானுஓயாவிலிருந்து நாவலப்பிட்டி வரை இறங்கும் வண்டியில் பிரேக் நெடுநேரம் பிடித்தே இருப்பதால், சில்லைச் சுற்றிச் செம்மண்ணிற இரும்புத் தூசி கூடுதலாகப் படிய வேண்டும். கைச்சில்லின் விளிம்பிலும் ஏணிப் படியிலும் மென்மையான பென்சிலால் தேயுங்கள், கை பட்ட பளபளப்பு வரும்.

சுமைக்குக் கடற்கரை மணல் ஆகாது, அதன் மணிகள் உருண்டவை. குவாரி டஸ்ட்டைச் சலித்து எடுங்கள். உண்மையான 50 மி.மீ. கல் இந்த அளவில் 0.5 மி.மீ. சலித்த தூளின்மேல் கடதாசியில் சுற்றிய காந்தத்தை ஓட்டி இரும்புத் துகளை நீக்குங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் மோட்டருக்குள் போய்ச் சேரும். கல் கனமானது, ஆகவே விளிம்பு வரை நிரப்பாமல் இரண்டு மூன்று மேடுகளாக வையுங்கள்.

பழைய ரயில்வே ஊழியர்களிடம் கல் வேகன் படங்கள் இருந்தால், எடுத்த ஆண்டையும் இடத்தையும் எழுதி தங்கள் பத்திரிகைக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். மாணவர்கள் நிலைய அதிபரின் அனுமதியின்றி யார்டுக்குள் போகவோ வேகனில் ஏறவோ கூடாது. பஃபர், இணைப்புக் கொளுக்கி, வெக்குவம் குழாய் போன்றவற்றைக் கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட தேசிய புகையிரத அருங்காட்சியகத்துப் பழைய வண்டிகளில் நிதானமாகப் பார்த்துக் குறிக்கலாம். தாங்களும் ஒரு கல் வேகனின் பக்க, முனை, மேல் தோற்றங்களை 1:101.6 அளவில் வெளியிட்டு உதவ வேண்டும். அச்சில் படம் சுருங்கக்கூடும் என்பதால், அதன் அருகே 100 மி.மீ. நீளக் கோடொன்றையும் தவறாமல் சேருங்கள்.

மாதிரி ரயில் ஆர்வலர்கள் சிலர்,
நாவலப்பிட்டி.