பக்கத்து நிலங்களை அளந்து எங்கள் மூதாதையைக் கண்டுபிடித்துத் தந்தவருக்கும், உடன் நின்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

2022 ஜூலை இறுதியில் அமெரிக்காவின் கிழக்குக் கென்டக்கி மலைப்பகுதியில் வந்த வெள்ளத்தில், நான் வாழ்க்கைப்பட்ட குடும்பம் எதையெல்லாம் இழந்தது என்பதும், அதன் பிறகு என் மாமியாரின் உடல்நிலை எப்படிப் போனது என்பதும் இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். அவற்றை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. இந்த மடல் வேறொன்றைச் சொல்ல எழுதப்படுகிறது. அத்தை தேடித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்த அவர் வழி மூதாதை கிடைத்துவிட்டார். அவர் எந்த ஓடையோரம் குடியிருந்தார், யாரை மணந்தார், அவர் பிள்ளைகள் யார் யார் என்பதை அத்தை நினைவு தெளிவாக இருக்கும்போதே காதாரக் கேட்டுவிட்டார். இதற்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்லாமல் என்னால் வேறு எந்த வேலையிலும் கை வைக்க முடியவில்லை.

பிறப்பும் இறப்பும் எழுதிவைத்திருந்த குடும்ப பைபிள் தண்ணீரோடு போன பிறகு, எஞ்சியவை அரசாங்கத்தின் ஏடுகள் மட்டுமே. 1850ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை பின்னோக்கிச் செல்வதில் பெரிய தடை இருக்கவில்லை. 1890ஆம் ஆண்டின் ஏடுகளில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீ விபத்தில் சேதமடைந்து பின்னர் இல்லாமலே போய்விட்டாலும், அதைத் தாண்டிச் செல்ல மற்ற ஆண்டுகளின் ஏடுகள் உதவின. வீட்டிலுள்ள சுதந்திர மக்கள் ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் பிறந்த மாநிலத்தையும் முதன்முதலாக எழுதியது 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புதான். அதற்கு முந்தைய ஏடுகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வயது வாரியான கட்டங்களில் வெறும் எண்ணிக்கையாக நிற்பார்கள். 1850இல் தனிக்குடித்தனமாக இருந்த அத்தையின் முன்னோரான இளைஞர், 1830இல் ஏதோ ஒரு வீட்டின் கட்டத்துக்குள் ஐந்து வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளையாக, பெயரில்லாமல் இருந்திருக்க வேண்டும். அவருடைய தந்தையின் பெயர் அத்தைக்கு நினைவிருந்தது. ஆனால் அதே கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு), அதே பெயரில், இரண்டு குடும்பத் தலைவர்கள் இருந்தார்கள். இருவர் வீட்டிலும் அந்த வயதில் ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். எங்கள் தேடல் நெடுநாள் நின்றுபோன இடம் இதுதான்.

நில ஆவணங்களில் விடை இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஆவணங்களைத் தேடும் வழி எளிதாக இல்லை. டிரபிள்சம் ஓடையோரம் இருக்கும் ஒரு நிலம் ஓர் அடிகூட நகராமல் முதலில் ஃபிளாய்டு கவுண்டியிலும், 1820களில் பெரி கவுண்டியிலும், 1884க்குப் பிறகு நாட் கவுண்டியிலும் இருக்கிறது. நம் ஊரில் தாலுகா பிரிந்தபோது பத்திரம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது என்று அலைந்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். ஃபிளாய்டு கவுண்டியின் முதல் நீதிமன்றக் கட்டடமோ 1808இல் ஏடுகளோடு எரிந்துபோனது. மாநிலத் தலைநகரான ஃபிராங்ஃபர்ட்டில் உள்ள நில அலுவலகம் பழைய பட்டாக்களைப் படமாக எடுத்து எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அனுமதிச் சீட்டு, இடத்தைக் குறிக்கும் பதிவு, அளவை, கடைசியில் பட்டா என்று ஒவ்வொரு நிலத்துக்கும் நான்கு படிகள் உண்டு. எங்கள் மூதாதையின் பெயரில் எந்தப் படியிலும் ஒன்றும் இல்லை. அவர் அரசிடம் பட்டா வாங்கவே இல்லை. யாரிடமிருந்தோ வாங்கிய அந்த நிலத்துக்கான கிரயமும் பதிவாகவில்லை.

கையில் இருந்தது ஒரே ஒரு பத்திரம். 1850களில், இறந்துபோன ஒருவரின் வாரிசுகள் அனைவரும் சேர்ந்து அவர் குடியிருந்த நிலத்தை விற்றது அது. அதில் எங்கள் இளைஞரின் பெயரும் அவர் மனைவியின் பெயரும் இருந்தன. ஆனால் இறந்தவர் அந்த இருவரில் எவர் என்று அதில் இல்லை. அளவும் இல்லை; இன்னாருடைய நிலத்துக்கும் இன்னாருடைய நிலத்துக்கும் இடைப்பட்டது என்ற சக்குபந்தி மட்டுமே இருந்தது.

இந்தப் பத்திரத்தை என் பள்ளித் தோழிக்கு அனுப்பினேன். உதவி கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை; மனம் தாளாமல் அவளிடம் புலம்பினேன், அவ்வளவுதான். அவள் அதைத் தன் மாமனாரிடம் காட்டினாள். அவர் தமிழ்நாட்டு நில அளவைத் துறையில் சர்வேயராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கென்டக்கியைப் பார்த்தவரும் அல்லர், பார்க்க வேண்டும் என்ற எண்ணம் கொண்டவரும் அல்லர். தன் பெயரைக் குறிப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டதால் இங்கே ஐயா என்றே எழுதுகிறேன்.

ஐயா அனுப்பிய முதல் செய்தி இதுதான்: "அம்மா, உங்க ஆளோட பத்திரத்த விட்டுடுங்க. சுத்தி இருக்கறவங்க பத்திரம் எல்லாத்தையும் அனுப்புங்க."

அதுவரை நான் எங்கள் குடும்பப் பெயர் இல்லாத எந்த ஏட்டையும் புரட்டியதில்லை. மற்றவர்களும் எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். ஒரு புலத்தை அதன் அண்டைப் புலங்களோடு பொருத்திப் பார்க்காமல் எந்தச் சர்வேயரும் எல்லை சொல்ல மாட்டார் என்பதை அவர் வாயிலாகத்தான் அறிந்தேன். அக்கம்பக்கத்தாரின் பட்டாக்களை ஃபிராங்ஃபர்ட் படங்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பழைய கையெழுத்தை அவரால் படிக்க இயலாது என்பதால், அதில் பழகிய தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தந்தார்கள். நான் திசைகளையும் தூரங்களையும் தமிழில் எழுதி அனுப்பினேன்.

அந்த மலைநாட்டில் சதுரமாக வெட்டிய நிலங்கள் கிடையாது. ஓடைக்கரையில் இரண்டு பீச் மரங்களில் தொடங்கி, வடக்கிலிருந்து இத்தனை பாகை கிழக்காக இத்தனை 'போல்' தூரம் சென்று ஒரு வெள்ளை ஓக் மரத்தை அடைந்து, அங்கிருந்து திரும்பி, பல மூலைகள் கடந்து தொடங்கிய மரத்துக்கே வந்து சேரும்படி அளவை எழுதப்பட்டிருக்கும். போல் என்றால் என்ன என்று விளக்கப் போன என்னை ஐயா நிறுத்திவிட்டார். ஒரு போல் என்பது 16.5 அடி, அதாவது நில அளவைச் சங்கிலியில் கால் பங்கு, 25 லிங்க்ஸ் (கண்ணிகள்). 1620இல் இங்கிலாந்தில் எட்மண்ட் கன்டர் வகுத்த அதே 66 அடிச் சங்கிலிதான் அமெரிக்கக் காடுகளிலும் சென்னை மாகாணத்துப் புன்செய்களிலும் இழுக்கப்பட்டது. நாம் சென்ட் கணக்கில் நிலம் பேசுவதும் அந்தச் சங்கிலியிலிருந்து வந்ததுதான். ஒரு சென்ட் என்பது 1,000 சதுர லிங்க்ஸ். ஒவ்வொரு புலத்தின் அளவுகளையும் காட்டும் பழைய எஃப்.எம்.பி. படங்களோடு வாழ்ந்தவருக்கு அந்தக் கென்டக்கிப் பட்டா அந்நியமாகவே தெரியவில்லை.

அவர் வரைந்த தாள்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. பச்சைக் கட்டமிட்ட வரைபடத் தாளில், கூர்மையான பென்சிலால், ஒரு அங்குலத்துக்கு 1,000 லிங்க்ஸ் என்ற அளவில் ஒவ்வொரு பட்டாவையும் தனித்தனியே வரைந்திருக்கிறார். ஒவ்வொரு மூலையிலும் "பீச் 2", "வெள்ளை ஓக் 1", "சர்க்கரை மேப்பிள், ஓடைக்கரை" என்று தமிழில் பொடி எழுத்தில் குறித்திருக்கிறார். ஒரு பட்டாவின் கோடு மட்டும் தொடங்கிய இடத்துக்கு வந்து சேராமல் வாய் பிளந்து நின்றது. பல நாள் அதை விடாமல் பார்த்து, நான்காவது வரியில் கிழக்கு என்று இருப்பதை மேற்கு என்று கொண்டால் உருவம் சரியாக மூடுகிறது என்று கண்டுபிடித்தார். பின்னர் மூல அளவையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அங்கே மேற்கு என்றுதான் இருந்தது. பேரேட்டில் படியெடுத்தவர் கைதவறி எழுதியிருக்கிறார்.

பிறகு அந்த உருவங்களை மெல்லிய தாளில் படியெடுத்து, ஓடை வளைவுகள் காட்டும் இன்றைய நிலப்பட அச்சின் மேல் வைத்தார். திசைகாட்டி காட்டும் வடக்கு காலப்போக்கில் நகரக்கூடியது என்பதால் எல்லாத் தாள்களையும் சிறிதளவு திருப்பி வைக்க வேண்டியிருந்தது. அப்படித் திருப்பியதும் பக்கத்து நிலங்கள் ஓடையின் வளைவுகளில் போய் அமர்ந்தன. பத்திரத்தின் சக்குபந்தி சொன்ன இரு நிலங்களுக்கும் நடுவே, யாருக்கும் பட்டா இல்லாத ஓர் இடைவெளி மிஞ்சியது. ஐயா அதன் பரப்பைக் கணக்கிட்டு 51 ஏக்கரும் சில சென்ட்டும் என்று எழுதினார். கென்டக்கியின் வரிப் பட்டியல்கள் 1792இலிருந்தே இருக்கின்றன. ஒவ்வொருவரின் நிலப்பரப்பும் அது எந்த நீரோட்டத்தின் கரையில் உள்ளது என்பதும் அவற்றில் உண்டு. அந்தப் பெயருடைய இருவரில் ஒருவர் 50 ஏக்கருக்கு வரி கட்டியிருந்தார். மற்றவர் கட்டியது வேறொரு கிளையோடையில் இருந்த, இதைவிட மிகப் பெரிய நிலத்துக்கு.

அதன் பிறகு 1830ஆம் ஆண்டு ஏட்டை மறுபடி திறந்தேன். கணக்கெடுப்பாளர்கள் பெரும்பாலும் வீடு வீடாகச் சென்ற வரிசையிலேயே எழுதினார்கள். ஐயாவின் தாளில் ஓடைவழியே மேலிருந்து கீழாக எந்த வரிசையில் பெயர்கள் இருந்தனவோ, அதே வரிசையில் அந்தப் பக்கத்திலும் பெயர்கள் இருந்தன. நடுவில் எங்கள் மூதாதை. மேலே இருந்த அண்டை வீட்டாரின் அளவைச் சீட்டில் சங்கிலி பிடித்தவர்களின் பெயர்களையும் எழுதியிருந்தார்கள். அங்கேயும் அவர் பெயர் இருந்தது. செயின்மேன் பெயரைப் பார்க்காமல் விடாதீர்கள், அநேகமாகச் சொந்தக்காரனோ பக்கத்து நிலத்துக்காரனோதான் பிடிப்பான் என்று ஐயா முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

வாரிசுகளின் பத்திரம் அவருடையதுதான் என்று உறுதியான பிறகுதான் அதில் கைம்பெண்ணின் பெயர் இருப்பதைப் பொருட்படுத்திப் படித்தேன். கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு என்பதால், அந்த உரிமையை விட்டுத்தருவதாக அவரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. தன் பெயரை எழுதத் தெரியாமல் ஒரு பெருக்கல் குறி இட்டிருக்கிறார். 1850க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் வெறும் ஒரு கோடாக மட்டுமே இருந்த பெண் அவர். அந்தப் பெயரைப் படித்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அதே பெயர்தான் அவருடைய பாட்டியின் பெயர். ஐயாவின் தாளை மடியில் விரித்து, படிக்கத் தெரியாத தமிழ் எழுத்துகளின் மேல் விரலை வைத்து, இது எந்த மரம், இது எந்த மரம் என்று அத்தை கேட்டுக்கொண்டே வந்தார்.

ஐயா, இதற்கெல்லாம் நீங்கள் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. தபால் செலவைக்கூட ஏற்கவிடவில்லை. கண்புரை அறுவை முடிந்து அதிகம் படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்த நாட்களில் நீங்கள் இதை வரைந்தீர்கள் என்பதை என் தோழி இப்போதுதான் சொன்னாள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் உங்கள் பெயரைத் தினமும் சொல்கிறோம்.

மற்றவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். ஈரமேறிய கட்டடத்தில் தங்கள் வீட்டுத் துயரங்களோடு வேலை பார்த்துக்கொண்டே எனக்காக ஏடு புரட்டிய கவுண்டி அலுவலகப் பெண்கள், ஃபிராங்ஃபர்ட்டில் வரிப் பட்டியலின் நுண்படச் சுருள்களைத் தேடி எடுத்துத் தந்தவர்கள், இரவு கண்விழித்துத் தட்டச்சு செய்த தன்னார்வலர்கள், தங்களிடம் மிஞ்சியிருந்த புகைப்படங்களையும் கடிதங்களையும் கொண்டுவந்து தந்த கணவர் வழி உறவினர்கள், மருத்துவமனையில் அத்தையின் அருகே மாறி மாறி அமர்ந்து என்னை இந்த வேலைக்கு விடுவித்த தமிழ்க் குடும்பங்கள், சமைத்து அனுப்பியவர்கள், வேண்டிக்கொண்டவர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஒன்றை உறுதி சொல்கிறேன். நாங்கள் தேடியபோது படித்த பக்கத்து வீட்டார் பத்திரங்கள் எல்லாம் வேறு யாருடைய முன்னோர்களையோ பற்றியவை. அந்த வரிப் பட்டியல்களில் கறுப்பின மக்களுக்கென்று ஒரு கட்டம் உண்டு. அடிமைகளாக இருந்தவர்கள் அங்கே உரிமையாளரின் பெயருக்கு நேராக வெறும் எண்ணிக்கையாக நிற்கிறார்கள். 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு முன் அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லை. ஆனால் உயில்களிலும் கிரயப் பத்திரங்களிலும் சில சமயம் இருக்கிறது. செரோக்கியரும் ஷானியரும் வேட்டையாடிய மலைகளைத்தான் அந்தப் பட்டாக்கள் காலி நிலம் என்று எழுதிக்கொடுத்தன என்பதையும் நான் மறக்கவில்லை. அந்த ஓடையோரப் பத்திரங்கள் அனைத்தையும், அவற்றில் வரும் ஒவ்வொரு பெயரோடும், அடிமையாக விற்கப்பட்டவரின் பெயர் ஒன்று இருந்தால் அதை முதலில் வைத்து, தெளிவாகத் தட்டச்சு செய்து முடிப்பேன். பதிவேட்டின் பக்கத்தோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்ட பிறகே வெளியில் தருவேன். ஐயாவின் வரைபடங்களும் அவர் சம்மதத்தோடு அதில் சேரும். மர மூலைகளின் தமிழ்க் குறிப்புகளை அழிக்காமல் பக்கத்தில் ஆங்கிலமும் எழுதப்படும்.

தொகுப்பு ஆயத்தமானதும் ஒரு படி அந்தக் கவுண்டியின் பொது நூலகத்துக்கும், ஒரு படி ஐயாவுக்கும் போகும். டிரபிள்சம் ஓடைக் கரையில் வேர் உள்ள எவரும், இதைப் படிக்கும் உங்களில் யாருடைய மருமகளோ மருமகனோ பேரப்பிள்ளையோ அந்த மலைநாட்டைச் சேர்ந்தவராக இருந்தால் அவரும், என்னிடம் தயங்காமல் கேளுங்கள். படித்துத் தருகிறேன்.

நன்றியுடன்,
கென்டக்கிக்கு வாழ்க்கைப்பட்ட உங்கள் சகோதரி