பின்பக்கத் துள்ளல்

காவேரிப்பட்டினம்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமா? பொங்கலுக்கு வந்திருந்தபோது சேலத்துக்குப் போகும் வழியில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில், பின் இருக்கையிலிருந்து நீ, "அப்பா, வண்டி தொட்டில் மாதிரி ஆடுகிறது, வயிற்றைப் புரட்டுகிறது" என்றாய். நான் சாலையின் மேல் பழியைப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் வண்டியைச் சென்னைக்குக் கொண்டுபோகப் போகிறவள் நீ என்பதால், அந்த ஆட்டத்துக்கு என்ன காரணம், அதற்கு என்ன செய்தேன் என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் காட்டிய பட்டறையில், காயில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, நான்கையும் மாற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஸ்பிரிங் தளர்ந்தால் வண்டி தாழ்ந்து நிற்க வேண்டும். நம் வண்டியோ பின்பக்கம் சற்றுத் தூக்கிக்கொண்டு நின்றது. எடையைத் தாங்குவதுதான் ஸ்பிரிங்கின் வேலை. பள்ளத்தில் அமுங்கி எழுந்த ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இராதபடி அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் இருக்கும் பிஸ்டன் வால்வுகளின் குறுகிய வழியாக எண்ணெயைப் பிழிந்து தள்ளும்போது, ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிக் கரைந்துபோகிறது. அந்த எண்ணெய் ஒழுகிவிட்டால் ஸ்பிரிங்கை அடக்க ஆளில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு மூலையையும் இரு கைகளாலும் அழுத்திவிட்டுப் பார்த்தேன். முன்பக்கம் இரண்டும் ஒருமுறை எழுந்து அடங்கின. பின்னால் வலப்பக்கம் கொஞ்சம் தயங்கி அடங்கியது. இடப்பக்கம் மூன்று முறை குதித்தது. இந்தச் சோதனையை மட்டும் நம்பிவிடக் கூடாது; பாதி தேய்ந்த ஷாக் அப்சார்பர் கையழுத்தத்தில் ஏமாற்றிவிடும். ஆகவே ராயக்கோட்டை வரை ஓட்டிச் சென்று திரும்பியதும், குனிந்து பின்பக்கத்து இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். வலப்பக்கத்தது நன்றாகச் சூடேறியிருந்தது. இடப்பக்கத்தது வெதுவெதுப்பாகக்கூட இல்லை. அதன் உடம்பெங்கும் எண்ணெய் வடிந்து, மண் அப்பி, களிம்பு பூசியதுபோல் இருந்தது. இலேசான ஈரப்பசை இருந்தால் கவலையில்லை, இப்படி வடிந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். அந்தப் பக்கத்து டயரை உள்ளங்கையால் தடவியபோது, குழியும் மேடுமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தது தட்டுப்பட்டது; சக்கரம் சாலையில் படிந்து உருளாமல் தத்தித் தத்தி ஓடியதற்கு அது சாட்சி. வயிற்றைப் புரட்டுவது இருக்கட்டும், சக்கரம் தரையில் படியாத வண்டியில் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது என்பதை நினைத்தபோதுதான், தொப்பூர் இறக்கத்தில் உங்களையெல்லாம் வைத்து ஓட்டியது எனக்கு உறைத்தது.

இனி என் தவறைச் சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் மாங்காய்ப் பருவத்தில், தோப்பிலிருந்து மண்டிக்குக் கூடை கூடையாகக் காரிலேயே ஏற்றினேன். பின்பக்கம் தாழ்கிறதே என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையில் ரப்பர் பஃபர் செருகிவைத்தேன். டயரிலும் 40 வரை காற்று அடித்தேன். பருவம் முடிந்தும் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். பஃபர் செருகிய ஸ்பிரிங் விறைத்துப்போகிறது. விறைத்த ஸ்பிரிங் வேகமாகத் திருப்பி உதைக்கும். அந்த உதையை அடக்கும் அளவுக்கு நம் வண்டியின் ஷாக் அப்சார்பர் செய்யப்படவில்லை. உன் அம்மா அப்போதே, காரை மாட்டுவண்டி ஆக்கிவிட்டீர்கள் என்றாள்.

கெட்டது ஒன்றே ஆனாலும் ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒருபக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வளைவில் வண்டி ஒரே சீராக நிற்காது. நம் வண்டியில் பின்பக்க ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கிலிருந்து தனியே இருப்பதால் வேலை அரைநாளில் முடிந்தது. கழற்றிய பழையதைக் கையால் அமுக்கினேன். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய் அங்கேயே நின்றுவிட்டது. புதியதில் தண்டு, உள்ளிருக்கும் வாயு அழுத்தத்தால், தானாகவே மெல்ல வெளியே வந்தது. பட்டறைப் பையன் வண்டி தூக்கியிருந்தபோதே கீழ் போல்ட்டை முழுக்க முடுக்கப் போனான். சக்கரங்களில் எடை இறங்கிய பிறகு முடுக்கும்படி சொன்னேன். தொங்கும் நிலையில் முடுக்கினால் அந்த போல்ட் நுழையும் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். பஃபர்களைப் பிடுங்கி எறிந்தேன். காற்று இப்போது கதவருகே ஒட்டியுள்ள அட்டையில் சொன்னபடி 33 இருக்கிறது. காலையில் வண்டியை ஓட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்.

பின்னால் இடப்பக்கத்திலிருந்து வேகத்தில் ஹூம் என்று ஒரு சத்தம் வரும். அது அந்தத் திட்டுத் தேய்ந்த டயரின் சத்தம், ஷாக் அப்சார்பருடையது அல்ல. சென்னைப் பட்டறையில் யாராவது அதைக் காட்டி பேரிங் போய்விட்டது என்று சொன்னால், முதலில் அந்த டயரை மாற்றிப் பார். முன்பக்க ஸ்ட்ரட்டுகள், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்தவை, இன்னும் நன்றாகவே இருக்கின்றன. என்றாவது அவற்றை மாற்றும்போது மட்டும் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் விடாதே. ஸ்ட்ரட் பிரிக்கும் வேலையை, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாத இடத்தில் கொடுக்கவே கொடுக்காதே. அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே அடித்துவிடும்.

நேற்று அம்மாவைப் பின் இருக்கையில் உட்காரவைத்து தருமபுரி வரை போய்வந்தேன். காரிமங்கலம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா