பாஸ்டனுக்குப் போகவிருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பாஸ்டனில் வேலை கிடைத்திருப்பதை எழுதிய கையோடு, இனவெறி பிடித்த ஊர் என்று அதற்கு இருக்கும் பெயர் நியாயமானதுதானா என்றும் கேட்டிருக்கிறாய். நீ பிறப்பதற்கு முன், 1988 முதல் ஆறு ஆண்டுகள், நானும் உன் அப்பாவும் அங்கே குடியிருந்தோம். நியாயமான பெயர்தான் என்றே நான் சொல்வேன். ஆனால் யாரை நடத்திய விதத்தால் அந்தப் பெயர் வந்தது என்பதை நீ தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அடிமை முறையை எதிர்த்த 'லிபரேட்டர்' இதழ் 1831-இல் தங்கள் ஊரில்தான் தொடங்கியது என்று பாஸ்டன்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள், அது உண்மையே. பள்ளிகளில் நிறப் பிரிவினையை மாசசூசெட்ஸ் மாநிலம் 1855-இலேயே சட்டம் போட்டுத் தடுத்தது என்பதும் உண்மை. அப்படிப்பட்ட ஊரில், பள்ளி நிர்வாகம் தெரிந்தே பிள்ளைகளை நிறவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று 1974-இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. அந்தத் தீர்ப்பின்படி, வெள்ளையர் வாழ்ந்த தெற்கு பாஸ்டனின் பள்ளிக்குக் கறுப்பினப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்துகள் மீது கல்லெறிந்தார்கள். 1976-இல் நகர மன்றத்துக்கு வெளியே, அமெரிக்கக் கொடி கட்டிய கம்பத்தை ஒரு கறுப்பின வழக்கறிஞரை நோக்கி ஓங்கிய இளைஞனின் படம் உலகெங்கும் பரவிப் புலிட்சர் பரிசும் பெற்றது.

இவையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டவை. என் கண்ணெதிரே நடந்தது வேறு. 1989 அக்டோபரில், கருவுற்றிருந்த மனைவியோடு மருத்துவமனையிலிருந்து காரில் திரும்பிய சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர், கறுப்பினத்தவன் ஒருவன் தங்கள் இருவரையும் சுட்டுவிட்டான் என்று காவல்துறைக்குத் தொலைபேசியில் சொன்னார். மனைவி இறந்தாள்; பிள்ளையும் பிழைக்கவில்லை. மிஷன் ஹில் பகுதியில் கறுப்பின இளைஞர்களைத் தெருவிலேயே நிறுத்திச் சோதித்தது காவல்துறை. 1990 ஜனவரியில், மனைவியைக் கொன்றது அவரேதான் என்று அவருடைய தம்பி காவல்துறையிடம் சொன்னதும், ஸ்டூவர்ட் பாலத்திலிருந்து குதித்து உயிரைவிட்டார். தவறாகச் சந்தேகிக்கப்பட்ட இருவரிடம் மேயர் மிஷெல் வூ நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டது 2023-இல்தான். இதுவரை நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன்: தொலைக்காட்சியில் அந்தச் செய்தியைக் கேட்ட இரவு நானும் ஒரு சொல் விடாமல் நம்பினேன்.

இந்த ஊரின் முரண்பாட்டை விளையாட்டிலும் காணலாம். உன் அப்பா ரசித்த செல்டிக்ஸ் கூடைப்பந்து அணி 1966-இலேயே பில் ரஸ்ஸல் என்ற கறுப்பின வீரரைப் பயிற்சியாளராக்கியது. அந்த அணி ஆடும் என்.பி.ஏ. கூடைப்பந்துச் சங்கத்தில் அதற்கு முன் எவரும் அப்படிச் செய்ததில்லை. ஆனால் ரஸ்ஸல் குடியிருந்த புறநகர் வீட்டுக்குள் புகுந்து படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். பேஸ்பாலில் ரெட் சாக்ஸ் அணியோ 1959 வரை ஒரு கறுப்பின வீரரையும் களத்தில் இறக்கவில்லை. பெரிய அணிகளில் கடைசி அதுதான்.

கல்லெறி இன்று இல்லை, பணக்கணக்கு மாறவில்லை. பாஸ்டன் பகுதியில் வெள்ளையர் குடும்பத்தின், கடன் போக மிஞ்சும் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,47,500 டாலர் என்றும், தலைமுறைகளாக அமெரிக்காவில் வாழும் கறுப்பினக் குடும்பத்தினுடையது வெறும் 8 டாலர் என்றும் 2015-இல் வந்த பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கி அறிக்கை சொன்னது. அந்த எட்டை அச்சுப்பிழை என்றே முதலில் நினைத்தேன்.

நமக்கு அந்த ஊரில் என்ன நடந்தது என்றும் கேட்பாய். தொலைபேசியில் வீடு காலி என்றவர், நேரில் எங்களைக் கண்டதும் நேற்றே கொடுத்துவிட்டதாகச் சொன்னார், ஒருமுறைதான். மற்றபடி, படித்த இந்தியர்கள் என்று எங்களை மரியாதையாகவே நடத்தினார்கள். அந்த மரியாதை சுகமாக இருந்ததால், அது யாருக்குக் கிடைக்கவில்லை என்று நான் கவனிக்கவே இல்லை.

கறுப்பினத்தவர் அதிகம் வாழும் ராக்ஸ்பரி, மாட்டபான் பக்கம் வீடு பார்க்காதே என்று முதல் வாரமே யாராவது உன்னிடம் அக்கறையோடு சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள்; காரணம் கேட்காமல் ஆறு ஆண்டுகளும் அப்படியே இருந்துவிட்டேன். நீ ஒரு சனிக்கிழமை அங்கே போய் நடந்துவிட்டு, பார்த்ததை எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா