ரம்புத்தான் கன்று வாங்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டுத்தோட்டக் கட்டுரையில் ரம்புத்தான், மங்குஸ்தான், துரியன் எல்லாம் யார் வீட்டிலும் வளரும் என்று போட்டிருந்தீர்கள். குற்றாலத்தில் வீடு இருந்தால் சரி. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு அது பொருந்தாது. ஊரைச் சொல்லாமல் மரத்தை மட்டும் சொன்னால் ஜனங்களுக்குப் பணம்தான் நஷ்டம்.

குற்றாலம் சீசனுக்குப் போகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு, பழமும் நேந்திரங்காய் சிப்ஸும் வாங்குகிற கையோடு ஒரு கன்றையும் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். எங்கள் தெருவுக்கே அப்படி வந்தவை பல. ஆனி, ஆடியில் அங்கே சாரல். அதே காற்று ஈரத்தை மலையடியிலேயே இறக்கிவிட்டு, இங்கே புழுதியை அள்ளத்தான் வருகிறது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ரம்புத்தானுக்கோ காற்றிலேயே ஈரம் வேண்டும். மூட்டில் எத்தனை குடம் ஊற்றினாலும் அதற்கு ஈடாகாது. போதாக்குறைக்கு எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு.

பக்கத்து வீட்டு மதினி வைத்த கன்றைத் தினமும் பார்க்கிறேன். முதலில் இலை நுனி மட்டும் பழுப்பானது. அப்புறம் ஓரம் வழியாகவே கருகி இறங்கி, நடு நரம்பை ஒட்டி ஒரு பச்சைக் கோடுதான் மிச்சம். சத்துப் போதவில்லை என்று மதினி கடையில் வாங்கிய உரத்தை வேறு அள்ளிப் போட்டார்கள். அதுவும் உப்புதானே!

நிழல்வலை கட்டி, நல்ல தண்ணீர் விட்டு வளர்க்க முடிந்தவர்கள் வளர்க்கட்டும். ஆனால் ரம்புத்தானில் விதைக்கன்று ஆண் மரமாகவும் போகலாம், பூக்கும், காய்க்காது. காய்க்கிற மரத்துக் கிளையை ஒட்டிக் கட்டிய ஒட்டுக்கன்றா என்று கேட்டு வாங்க வேண்டும். மங்குஸ்தான் விதையில் வந்தாலும் தாய் மரத்தைப் போலவே இருக்கும், காய்க்கத்தான் எட்டுப் பத்து வருஷம் ஆகும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கள் புறவாசலில் நிற்பது சப்போட்டா. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம்.1 ரகம், பாலை மரத்து வேரில் ஒட்டுக் கட்டியது. பாலை நம் வறண்ட காட்டு மரம், வெயிலுக்கு அசையாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டால் அது சப்போட்டா அல்ல, பாலை. சப்போட்டா இலை நுனி கூர்மையாக இருக்கும்; பாலை இலை தடித்து, நுனியில் சின்னதாகக் குழிந்திருக்கும். பார்த்தவுடன் கிள்ளிவிட வேண்டும். விட்டால் பாலை மேலே போய்விடும், சப்போட்டா நின்றுவிடும். நடும்போதும் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலேதான் இருக்க வேண்டும். இந்த விவரத்தைக் கன்று விற்கிறவர்கள் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

கொய்யா, சீத்தா, மாதுளை, நெல்லி எல்லாம் இங்கே தாராளமாக வரும். கொய்யாவில் பழ ஈ புழு வைக்கும், காய் எலுமிச்சை அளவு வந்ததும் காகிதப் பை கட்டினால் போதும். அணிலுக்கு மட்டும் எந்தப் பையும் கணக்கில்லை.

இனிமேல் மரத்தின் பெயரோடு, அது எந்த மண்ணுக்கு, எந்தத் தண்ணீருக்கு, எந்த மழைக்கு ஆகும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். புரட்டாசிக்குள் போட்டால் நல்லது. மழைக்கு முன்னே குழி எடுத்து வைக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பாளையங்கோட்டை