குங்குமச் சிமிழைச் சேர்ப்பித்த தம்பிக்கு நன்றி

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்கா சந்தையிலிருந்து சிராங்கூன் சாலை வழியாக வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நான் நடந்து சென்றபோது பையிலிருந்து நழுவி விழுந்த குங்குமச் சிமிழைக் கண்டெடுத்து, உரியவரைத் தேடிக் கடை கடையாக விசாரித்த அன்பருக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

எலுமிச்சம்பழ அளவுகூட இல்லாத சிறிய வெள்ளிச் சிமிழ் அது. ஆனால் என் பாட்டி 1958இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தபோது மடியில் முடிந்துகொண்டு வந்த பொருள். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடிய அந்தக் கப்பலில் வந்திறங்கிய எத்தனையோ குடும்பங்களைப் போல, எங்களிடமும் ஊரின் நினைவாக எஞ்சியவை மிகச் சிலவே. மூடியின் ஓரத்து நசுங்கலைத் தடவிப் பார்த்துத்தான் என் அம்மா இன்றும் பாட்டியை நினைத்துக்கொள்வார்.

இரண்டு நாள் கழித்துப் பூக்கடை அக்கா அதை என் கையில் தந்தபோது, மூடி திறந்துவிடாதபடி வாழைநாரால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. உள்ளிருந்த குங்குமம் சிறிதும் சிந்தவில்லை. அந்தக் கவனத்தை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. கட்டுமான வேலை செய்யும் தம்பி என்றும், தம் ஓய்வு நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அலைந்தார் என்றும், பெயரைக் கேட்டபோது சிரித்துவிட்டுப் போய்விட்டார் என்றும் அக்கா கூறினார்.

தம்பி, இதைப் படிக்க நேர்ந்தால் அந்தப் பூக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செல்லுங்கள். தம் கையால் சமைத்து உங்களுக்குப் பரிமாற அம்மா காத்திருக்கிறார்.